ஆயிரம் கெஜத்தில் தெரியும்

துப்பாக்கி சுட்டிருக்கிறீர்களா?

பதற வேண்டாம். பொருட்காட்சியில் பலகை நிறைய பலூன் ஒட்டிவைத்து, ஏர்கன்னைக் கையில் கொடுப்பார்களே, அதைத்தான் கேட்கிறேன். நான் சுட்டிருக்கிறேன். தீவுத்திடலில், கல்யாணமான புதிதில். பத்து ரவையில் ஒரு பலூன் உடைந்தது. அதுவும் நான் குறிவைத்த சிவப்பு பலூன் இல்லை. பக்கத்திலிருந்த மஞ்சள். என் மனைவி இதை இன்னமும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு துப்பாக்கிக்கும் எனக்கும் சகவாசம் கிடையாது. புல்லட் என்றால் ராயல் என்ஃபீல்டு என்று நினைக்கிற ரகம் நான். அப்பேர்ப்பட்ட நான், ஒரு கோடைகாலம் முழுக்க, துப்பாக்கிக் குண்டின் மூக்கைச் சீவிக் கூராக்குகிற ஒரு மனிதரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

2016-ம் வருஷம். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம். டொலிடோ நகரத்துக்கு வெளியே என் மகன் வீடு. உங்களில் பலருக்குத் தெரிந்த ஆறு மாத விஸா வாழ்க்கைதான். காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பது. தெருவில் ஒருத்தரும் வர மாட்டார்கள். ஆனாலும் பார்ப்போம்.

பக்கத்து வீட்டு கராஜில் மட்டும் ராத்திரி பத்து மணி வரை விளக்கு எரியும். கதவு பாதி தூக்கியிருக்கும். உள்ளே வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர், மேஜை விளக்கின் கீழ் குனிந்து, ஏதோ செய்துகொண்டே இருப்பார். கண்ணில் பூதக்கண்ணாடி. வாட்ச் ரிப்பேர் என்று நினைத்தேன். ஒருநாள் வாக்கிங் போகும்போது எட்டிப் பார்த்தேன். சிரித்தார். சிரித்தேன். உள்ளே வரச் சொன்னார். அவர் விரல் நடுவே இருந்தது வாட்ச் இல்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். மருமகள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“மாமா, ப்ளீஸ். அந்த வீட்டுக்கெல்லாம் போகாதீங்க. குழந்தையையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த ஜூன் மாதம் 12-ம் தேதிதான் ஃப்ளோரிடாவில் ஒர்லாண்டோ நகரத்தின் இரவு விடுதி ஒன்றில் ஒருவன் புகுந்து 49 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். டி.வி-யில் வாரக்கணக்கில் அதுதான். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தினம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாய்க்கு, பக்கத்து வீட்டில் துப்பாக்கி என்பது வெறும் செய்தி இல்லை.

பேரனைக் கூட்டிப் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

பெரியவர் பேரை எழுத எனக்கு அனுமதி இல்லை. வயது 71. கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ‘டூல் அண்ட் டை மேக்கர்’. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை விரலால் தடவிச் சொல்கிற ஜாதி. மனைவி இல்லை. மான் கறி சாப்பிடுவார், மானைச் சுட மாட்டார். துப்பாக்கி எங்கே என்று கண்ணால் தேடினேன். சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். பூட்டியிருந்தது. அந்தக் கோடையில் நான் அவர் துப்பாக்கியைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

மேஜை மேல் இருந்ததெல்லாம் குண்டுகள். தோட்டா வேறு, குண்டு வேறு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பித்தளை உறை, உள்ளே வெடிமருந்து, பின்பக்கம் பற்றவைக்கிற மூடி, முன்பக்கம் செருகிய குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு மட்டும். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், பென்சிலை விடச் சற்றுத் தடிமன். உள்ளே ஈயம், வெளியே செம்புச் சட்டை.

“எடை 155 கிரெயின்” என்றார்.

கிரெயின் என்றால் தானியம். ஒரு பார்லி மணியின் எடை என்று பழைய காலத்தில் ஆரம்பித்த கணக்கு. நம்மூர் ஆசாரிகள் குன்றிமணி போட்டு நிறுத்தது மாதிரி. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 155 கிரெயின் என்பது பத்து கிராம். அதாவது ஒன்றேகால் சவரன். அவர் தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். ஆறு மில்லிகிராம் சொச்சம். தி.நகர் நகைக்கடைக்காரர்கள் கூட நமக்காக அவ்வளவு கவலைப்படுவதில்லை.

இதெல்லாம் எதற்கு? காகிதத்தில் ஓட்டை போட. வேறு எதற்கும் இல்லை. ஆனால் காகிதம் இருப்பது ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்.

அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது பத்து மீட்டர். ஏ.ஸி. அறை. நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அது ஒரு தவம். இது வேறு தவம். ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். வெயில், காற்று, மழை எல்லாம் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் 44 அங்குலக் கறுப்பு வட்டம், கையை நீட்டிப் பிடித்த குண்டூசித் தலை அளவுக்குத் தெரியும். அதற்குள்ளே 20 அங்குலத்துக்குப் பத்து மார்க் வளையம், நம் சீர்வரிசைத் தாம்பாளம் அளவு. அதற்கும் நடுவே 10 அங்குலத்தில் ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்குள் விழுந்தால் மார்க் அதே பத்துதான். சமமாக வந்தவர்களைப் பிரிக்க அது உதவும். மற்றபடி மனசுக்குத் திருப்தி.

குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடி ஆகும். கிளம்பும்போது ஒலியைப்போல இரண்டரை மடங்கு வேகம். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகுபுரியால் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டே போகும். போகிற வழியில் காற்று இழுக்க, வேகம் குறைந்துகொண்டே வரும். பூமி சும்மா இருக்குமா? அது ஒரு பக்கம் இழுத்துச் சுமார் முப்பது அடி கீழே இறக்கிவிடும். ஆகவே முப்பது அடி மேலே பார்த்தாற்போலத்தான் குழலைத் தூக்கிவைக்க வேண்டும். வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே போனால் குண்டு தள்ளாட ஆரம்பித்துவிடும். அதற்குள் இலக்கைத் தொட்டுவிட வேண்டும். மூச்சு முட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்கிற கிழவன் மாதிரி என்று அவரே சொன்னார்.

இந்த இடத்தில்தான் மூக்கு வருகிறது.

ஒரு குண்டை என் உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். வழவழவென்று கோயில் கலசம் மாதிரி வளைந்து வந்து, உச்சியில் மட்டும் சட்டென்று வெட்டினாற்போல் தட்டையாக முடிந்தது. நடுவே சின்ன ஓட்டை. விளிம்பு ஏகத்துக்குப் பிசிறு. பாதி கடித்த முறுக்கு மாதிரி. அந்தத் தட்டை முனைக்கு ‘மெப்ளா’ என்று பேர். பிரெஞ்சு வார்த்தை.

ஓட்டையைப் பார்த்ததும் என் பொது அறிவு விழித்துக்கொண்டது. “இதுதானே தம்தம் குண்டு? தடை பண்ணினார்களே?”

கல்கத்தா பக்கத்தில் தம்தம் என்று ஊர். இன்றைக்கு விமானநிலையம் இருக்கும் இடம். 1890-களில் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே இருந்த ஆயுதச் சாலையில், உடம்பில் பாய்ந்ததும் மலர்ந்து விரிகிற குண்டுகளைச் செய்தார்கள். கொடூரமான காயம். 1899-ல் ஹேக் மாநாட்டில், யுத்தத்தில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. ஊர் பேர் மட்டும் உலக அகராதிகளில் தங்கிவிட்டது. ஒரு ஊருக்கு இப்படியா புகழ் வரணும்?

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கேட்கிற கேள்விதானாம். “அந்த ஓட்டை விரிவதற்காக இல்லை. செம்புச் சட்டையை எந்தப் பக்கமாவது மூடித்தானே ஆகணும்? ராணுவத்தின் சாதாரண குண்டில் மூக்கை மூடிவிட்டு, ஈயத்தைப் பின்பக்கமாகப் போட்டு மடிப்பார்கள். அதில் அடிப்பக்கம் ஒழுங்காக வராது. போட்டிக் குண்டுக்கு அடிப்பக்கம்தான் உயிர். மருந்து எரிந்து புகை தள்ளுவது அடியைத்தானே? அடி கோணலாக இருந்தால் கிளம்பும்போதே கோணல். அதனால் அடியை முழுசாக வைத்துக்கொண்டு, ஈயத்தை மூக்கு வழியாகப் போட்டு, மூக்கைக் குறுக்குகிறார்கள். கடைசியில் மிச்சமாவதுதான் இந்த ஓட்டை.”

கோணல் எங்காவது இருந்தே தீரும், அது எங்கே இருந்தால் சேதம் குறைவு என்று யோசித்து அங்கே தள்ளியிருக்கிறார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும்.

சரி, இந்தப் பிசிறு என்ன பெரிய விஷயம் என்று கேட்டேன். நூறு கெஜத்தில் ஒன்றுமே இல்லை என்றார். முந்நூறு கெஜத்திலும் தெரியாது. ஆனால் ஒரு குண்டின் முனை கொஞ்சம் அகலம், இன்னொன்றின் முனை கொஞ்சம் குறுகல் என்றால், காற்று இரண்டையும் ஒரே மாதிரி தடுக்காது. ஒன்று சீக்கிரம் களைத்துப்போகும். ஆயிரம் கெஜத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகச் சில அங்குலம் தள்ளி விழும்.

“கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் கெஜத்தில் தெரியும்.”

சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் தரம் பிரித்தல். ஒரு பெட்டியில் நூறு குண்டு. ஒவ்வொன்றையும் நிறுத்தார். அடியிலிருந்து வளைவு ஆரம்பிக்கும் இடம் வரை அளவுகோலால் அளந்தார். ஒத்துப்போகிறவை ஒரு டப்பா, மற்றவை இன்னொரு டப்பா. அது பயிற்சிக்கு. அடுத்து சீவுதல். பென்சில் சீவுகிற கருவிக்கு அண்ணன் மாதிரி ஒன்று. குண்டை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றினால் முனையிலிருந்து தலைமயிர் கனத்துக்குச் செம்பு சுருண்டு வரும். பிசிறு போய்விடும். எல்லா மூக்கும் ஒரே தட்டை.

ஆனால் சீவினால் மூக்கு இன்னும் கொஞ்சம் மழுங்கிவிடுமே? மழுங்கும். காற்றுத் தடை ஒரு மயிரிழை கூடும். ஆகவேதான் மூன்றாவது வேலை. மேஜையில் பொருத்திய கைப்பிடி அழுத்தி ஒன்று. அதன் தலையில் எஃகு அச்சு. குண்டை அடியிலிருந்து மேலே தள்ளினால், மூக்கு போய் அச்சுக்குள் நுழைந்து, ஓட்டை குறுகி, முனை கூராகும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் இருந்த முனை, ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டரில், காற்றை எதிர்க்கிற திறமை நூற்றுக்குச் சில பங்கு கூடுகிறது. அவ்வளவுதான் லாபம். அதற்காக ஒரு மனுஷன் ராத்திரி பத்து மணி வரை.

“எனக்குக் கூர்மை இரண்டாம் பட்சம்” என்றார். “ஒரு குண்டு பிரமாதமாக இருந்து பிரயோஜனம் இல்லை. இருபதும் ஒரே மாதிரி இருக்கணும்.”

என்னையும் ஒன்று செய்யச் சொன்னார். கைப்பிடியை இறக்கினேன். எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இன்னும் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அரைகுறையாக விடுவானேன் என்று, அவர் தடுப்பதற்குள் அச்சின் திருகைக் கொஞ்சம் இறக்கி, இன்னொரு தடவை அழுத்தினேன். இப்போது ஓட்டை கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஊசி மாதிரி முனை. பெருமையோடு நீட்டினேன்.

அவர் பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். முனை ஊசிதான். ஆனால் முனைக்குக் கீழே, கழுத்து மாதிரி இடத்தில், மெல்லிசாக ஒரு வீக்கம். செம்பு எங்கே போகும்? மேலே இடமில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. வளைவு கெட்டுவிட்டது. இனி இது முதலில் இருந்ததைவிட மோசம். சரிபண்ண முடியாது.

குப்பை டப்பாவில் போட்டார். திட்டவில்லை. எல்லோரும் முதலில் செய்கிற தப்பு என்றார். “ஓட்டை முழுசாக மூடக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைக்கணும். எப்போது கையை எடுக்கணும் என்பதுதான் இதில் வித்தை.”

அப்புறம் இருவரும் போய்க் கையை சோப்பு போட்டுக் கழுவினோம். ஈயம் தொட்ட கை. அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

இப்போது என் பேரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் அமெரிக்கா போய் இறங்கிய அன்று, ஏர்போர்ட்டில் ஓடிவந்து கட்டிக்கொண்டு, “தாத்தா, நீ வா, காரு அங்கே இருக்கு” என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். தமிழ் இருக்கிறது! ஓட்டை உடைசல் தமிழ், ஆனாலும் இருக்கிறது. இந்த ஆறு மாதத்தில் இதைச் சரிபண்ணிவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானம் பண்ணினேன்.

தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடம். ‘நீ வா’ இல்லைடா கண்ணா, பெரியவங்களை ‘நீங்க வாங்க’ன்னு சொல்லணும். ‘பளம்’ இல்லை, ‘பழம்’. நாக்கை மடி. இன்னும் மடி. மறுபடி சொல்லு. வாழைப்பழம், இருபது தடவை எழுது. பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்துவேன். கதை சொல்ல ஆரம்பிப்பான், நாலாவது வார்த்தையில் நான் குறுக்கே விழுவேன். ஒரு மாதத்தில் அவன் ழகரம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் அதைப் பாட நேரத்தில் மட்டும்தான் கேட்க முடிந்தது. மற்ற நேரமெல்லாம் என்னிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டான். தப்பு வராத பாஷை அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறான். ஜூலை மாதம் ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, “ஐ’ம் டன், தாத்தா” என்று மாடிக்குப் போய்விட்டான்.

“அப்பா, விட்டுடுங்களேன்” என்றான் என் மகன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ‘நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்’ என்று மனைவியிடம் புலம்பினேன். “நல்லதைத்தான் சொன்னீங்க. நாள் முழுக்கச் சொன்னீங்க” என்றாள்.

அந்த வாரம்தான் பெரியவர் போட்டிக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஒரு மணி நேர கார் பயணம். இரண்டு பக்கமும் சோளக்காடு, சோயாக்காடு, வழியில் அணுமின் நிலையத்தின் ராட்சதக் குளிர்விப்புக் கோபுரம். அதைத் தாண்டினால் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி. ஏரி என்றால் நம் செம்பரம்பாக்கம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அக்கரை தெரியாது. அமெரிக்காவின் தேசிய துப்பாக்கிப் போட்டிகள் 1907-லிருந்து நடந்த இடம். சுடுகிறவர்கள் ஏரியைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். நடுவில் புல்வெளி. தூரத்தில் வரிசையாக இலக்குகள். அதற்கும் பின்னால் தண்ணீர். எவனாவது படகோட்டி வழிதவறிக் குண்டு விழும் எல்லைக்குள் வந்துவிட்டால் மொத்தப் போட்டியும் நின்றுவிடும். ஒருத்தன் மீன் பிடித்துவிட்டுப் போகும் வரை எல்லோரும் படுத்தபடி காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஆயிரம் கெஜ விளையாட்டின் பெரிய கோப்பைகளில் ஒன்றின் பேர் விம்பிள்டன் கோப்பை. டென்னிஸ் இல்லை ஸார்! இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கம் 1860-ல் முதல் போட்டியை நடத்தியது விம்பிள்டன் திடலில்தான். முதல் குண்டைச் சுட்டது விக்டோரியா மகாராணி. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, குறிபார்த்துக் கட்டி, விசையில் பட்டுக்கயிறு கோத்துக் கையில் கொடுத்தார்கள். ராணியம்மா இழுத்தார். 400 கெஜ தூரத்தில், நடு மையத்துக்கு ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்தது. நான் சுட்ட மஞ்சள் பலூனை நினைத்துக்கொண்டேன். 1890-ல் போட்டி பிஸ்லி என்ற ஊருக்குப் போய்விட்டது. கோப்பையோ அதற்கு முன்பே, 1870-களில் அமெரிக்கர்களுக்குப் பரிசாகக் கடல் கடந்திருந்தது.

அன்றைக்குத்தான் அவருடைய துப்பாக்கியைப் பார்த்தேன். கனமான, நீளமான, ஒற்றைத் தோட்டா போடுகிற ரைஃபிள். ஒவ்வொரு தடவையும் கையால் போட்டு, கையால் பூட்டி, ஒரு குண்டு. குப்புறப் படுத்து, தோள்வாரைக் கையில் இறுக்கிக்கொண்டார். நான் காதில் பஞ்சுருண்டை அடைத்துக்கொண்டு பின்னால் நாற்காலியில்.

சுட்டதும் இலக்கு கீழே இறங்கும். இலக்கின் அடியில் பள்ளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் போட்டியாளர்கள்தான், முறை வைத்துப் போகிறார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் வட்டத் தகடு ஒன்றைச் செருகி மேலே ஏற்றுவார்கள். சுட்டவர் தன் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து அடுத்ததற்குக் குறியைத் திருத்துவார். எதிரிக்கு உதவி செய்துவிட்டு, அப்புறம் வந்து அவனோடு போட்டி போடுகிற விளையாட்டு. எனக்குப் பிடித்திருந்தது.

இருபது குண்டு. முதல் பன்னிரண்டும் பத்து, பத்து என்று வந்தன. தகடு ஏறும் உயரத்தைக் கவனித்தேன். ஏறக்குறைய ஒரே மட்டம். இடம் வலமாகத்தான் கொஞ்சம் நகர்ந்தது. மேலும் கீழுமாகச் சிதறவே இல்லை. ராத்திரி பத்து மணி வரை எரிந்த விளக்கு அங்கே தெரிந்தது. நிஜமாகவே ஆயிரம் கெஜத்தில் தெரிந்தது.

பதிமூன்றாவது குண்டு. சுட்ட மறுகணம் அவர் தோள் லேசாகத் தளர்ந்தது. இலக்கு இறங்கி ஏறியது. தகடு வலது பக்கம் எங்கோ ஓரத்தில். எட்டு.

மட்டம் என்னவோ அதே மட்டம்தான். காற்று மாறிவிட்டிருக்கிறது. ஏரிப் பக்கத்துக் கொடிகள் படுத்துவிட்டதை அவர் பார்க்கவில்லை. மணிக்கு ஒரு மைல் வேகக் காற்று கூடக் குறைய இருந்தால் போதும், அந்த தூரத்தில் குண்டு எட்டு, பத்து அங்குலம் தள்ளிப்போகும். ஒரு மைல் வேகம் என்றால் எவ்வளவு? ஊதுவத்திப் புகை சாய்கிற அளவு. அரை மில்லிமீட்டருக்கு மாதக்கணக்கில் மாரடித்தவரை ஒரு ஊதுவத்திப் புகை சாய்த்துவிட்டது.

எழுந்து வந்தபோது முகத்தில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை. காரில் வரும்போது கேட்டேன், எல்லாம் காற்றின் கையில் என்றால் இவ்வளவு பாடு எதற்கு என்று.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “குண்டில் குறை இருந்தால், எட்டு விழுந்ததற்குக் குண்டு காரணமா, காற்று காரணமா, நான் காரணமா என்றே தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. நான் கொடியைப் பார்க்கவில்லை. அது போதும் எனக்கு.”

அடுத்த வருஷம் இப்படிச் சுட முடியுமா என்பது சந்தேகம் என்றார். கண் மங்குகிறது, தோள் வலிக்கிறது. முட்டுக்கொடுத்து, தொலைநோக்கி வைத்துச் சுடுகிற ‘எஃப்-கிளாஸ்’ பிரிவுக்குப் போய்விடுவாராம். கனடாவில் ஃபார்க்கர்சன் என்கிற ஒருவர், வயதாகிவிட்டதே என்று விளையாட்டை விட மனசில்லாமல் ஆரம்பித்துவைத்த பிரிவு. அவர் பேரின் முதல் எழுத்துதான் அந்த ‘எஃப்’. வயதானவர்களுக்கு ஒரு வழி எப்போதும் இன்னொரு வயதானவர்தான் போட்டுவைக்கிறார்.

ஒர்லாண்டோவைப் பற்றியும் அன்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் நான் மருமகள் முகத்தில் விழித்திருக்க முடியாது. வண்டி ரொம்ப தூரம் போகும் வரை அவர் பேசவில்லை. “அந்த வாரம் நான் கராஜுக்குள் போகவே இல்லை” என்று மட்டும் சொன்னார். அப்புறம், “உன் மருமகள் பிள்ளையை அனுப்பாதது சரிதான். நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன்” என்றார். அதற்கு மேல் அவரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பதில் இருப்பதுபோல இங்கே எழுதினால் அது பொய்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கழுத்து வீங்கின குண்டுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு அழுத்து என்று நினைத்தேனே, அது. குண்டுகள் இருபதும் ஒரே மாதிரி இருக்கணும். பிள்ளைகள் அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கையை எப்போது எடுக்கணும் என்பது இரண்டுக்கும் உண்டு.

மறுநாளிலிருந்து பாடத்தை நிறுத்திவிட்டேன். யாரிடமும் அறிவிக்கவில்லை. பேரன் என்ன பாஷையில் பேசினாலும் தமிழில் பதில் சொன்னேன். திருத்தவில்லை. சுலபம் இல்லை ஸார். நாக்கு நுனி வரை வரும். முழுங்கிக்கொள்வேன். இரண்டு வாரம் இங்கிலீஷ்தான். மூன்றாவது வாரம், பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு, “தாத்தா, உனக்கு ஜூஸ் வேணுமா?” என்றான். நான் ஜூஸ் குடிப்பதில்லை. அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவர் ஒரு சின்ன டப்பா கொடுத்தார். உள்ளே அவர் கூராக்கிய குண்டு ஒன்று. மருந்து கிடையாது, உறை கிடையாது, வெறும் செம்பும் ஈயமும். ஞாபகார்த்தம். ஆசையாகப் பெட்டியில் வைத்தேன். என் மகன் பார்த்துவிட்டான்.

“அப்பா! சென்னை ஏர்போர்ட்ல எக்ஸ்ரேயில இது தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? கைப்பையில ஒரே ஒரு தோட்டா கிடந்ததுக்கே கேஸ் போட்டிருக்காங்க. நீங்க அங்க நின்னு, இதுல மருந்து இல்ல, வெறும் மூக்குன்னு விளக்கிட்டு இருக்கப்போறீங்களா?”

விளக்க முடியும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது திரும்ப கராஜுக்கே போய்விட்டது.

ஏர்போர்ட்டில் பேரன் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, இருவருக்கும்.

“தாத்தா, நீ எப்போ திரும்பி வருவே? நீ வந்தா நான் வாளைப்பளம் வாங்கி வெக்கிறேன்.”

வாளைப்பளம்தான். மகன் என் முகத்தைப் பார்த்தான். மருமகளும் பார்த்தாள்.

“சீக்கிரம் வரேன்டா கண்ணா. நிறைய வாங்கி வை” என்றேன்.